பரம்பரை அலகு என்றால் பரம்பரை நோயா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பிள்ளைகளுக்கு வரும் குருதிப் புற்றுநோய் (லியூக்கேமியா) பற்றிய குறிப்பொன்றில், "இது பரம்பரை அலகில் ஏற்படும் மாற்றத்தால் வருவது" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்டவை. சில வீடுகளில் அது சண்டையாகவும் மாறியிருக்கிறது. ஆகவே இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்தியம் நடக்கிறது. 12 ஆம், 21 ஆம் நிறமூர்த்தங்கள் இடம் மாறியிருப்பதாக ரிப்போட்டில் இருக்கிறது. பரம்பரை அலகுப் பிரச்சினை என்று கேள்விப்பட்டதும், இது எங்கள் வீட்டுப் பக்கத்தால் வந்த வருத்தம் என்று மாமியார் சொல்லத் தொடங்கிவிட்டார். என் பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் இருந்தது உண்மைதான். மூத்த மகளையும் சோதிக்க வேண்டுமா? – ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் வீட்டாலும் வரவில்லை, மாமியார் வீட்டாலும் வரவில்லை. பெரியப்பாவின் தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் வெற்றிலை, புகையிலை, சுருட்டு வழியில் வருவது. அதற்கும் பேரப்பிள்ளையின் குருதிக்கும் தொடர்பு தேட வேண்டாம்.

குழப்பம் சொல்லில் இருக்கிறது. நமது பாடப்புத்தகங்களில் அது "பரம்பரை அலகு". தமிழ்நாட்டார் "மரபணு" என்கிறார்கள். இரண்டுக்குள்ளும் பரம்பரையும் மரபும் குந்திக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த அலகு உடம்பின் ஒவ்வொரு கலத்திலும், நிறமூர்த்தம் (குரோமோசோம்) என்ற இழைகளில் இருக்கிறது. கலம் பிரியும் ஒவ்வொரு முறையும் அது பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுக்கும்போது பிழை விழுந்தால் அதை விகாரம் என்கிறோம். அந்தப் பிழை அம்மாவின் சூலிலோ அப்பாவின் விந்திலோ இருந்தால்தான் பரம்பரை. உங்கள் மகனுக்கு நடந்தது வேறு. கருவில் வளர்ந்துகொண்டிருந்தபோது அவனுடைய குருதியை உண்டாக்கும் ஒரே ஒரு கலத்தில் 12 ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் 21 ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் அறுந்து, மாறி ஒட்டிக்கொண்டன. ஈ.ரி.வி.6, ஆர்.யூ.என்.எக்ஸ்.1 என்ற இரண்டு பரம்பரை அலகுகள் அங்கே ஒன்றாகிவிட்டன. அந்தக் கலத்தின் வழிவந்த கலங்களில் மட்டும்தான் இந்தப் பிழை. மகனின் தோலில் தேடினாலும் ஈரலில் தேடினாலும் கிடைக்காது.

மாமியாருக்குச் சொல்ல ஒரு நேரடியான சான்று இருக்கிறது. மருந்து வேலை செய்து நோய் அடங்கிய பிறகு என்பு மச்சையை (எலும்புக்குள் குருதி உண்டாகும் பகுதி) எடுத்துப் பார்த்தால் இந்த இடமாற்றம் காணாமல் போயிருக்கும். பெற்றோரிடமிருந்து வந்த ஒன்று மருந்துக்குக் காணாமல் போகாது.

கருவிலேயே நடந்தது என்று எப்படித் தெரியும்? பிறந்த குழந்தையின் குதிக்காலில் குத்தி ஒரு சொட்டுக் குருதியை அட்டையில் ஒற்றி எடுப்பார்கள். இங்கேயும் தைரொயிட் பரிசோதனைக்காக எடுக்கிறார்கள். வெளிநாடுகளில் அப்படிப் பாதுகாத்து வைத்திருந்த பழைய அட்டைகளை, பின்னாளில் லியூக்கேமியா வந்த பிள்ளைகளுடையதாகத் தேடி எடுத்து 1990களின் பிற்பகுதியில் சோதித்தார்கள். பிறந்த அன்றே பிழை அங்கே இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி பின்னால் வந்தது. நோயே வராத குழந்தைகளிலும் நூற்றில் ஒன்று அளவில் இதே ஒட்டல் இருப்பதாக ஒரு கணிப்பு. அதைவிடக் கூட என்று சொல்லும் கணிப்புகளும் உண்டு. முதல் கணிப்பின்படியே பார்த்தாலும் அப்படிப் பிறக்கும் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் லியூக்கேமியா வருகிறது. மற்றவர்களில் அந்தக் கலங்கள் சத்தமில்லாமல் ஒழிந்துபோகின்றன. நோய் வருவதற்கு இரண்டாவது பிழையும் வேண்டும். அது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், நோயெதிர்ப்புக் கலங்கள் தங்கள் பரம்பரை அலகுகளை வெட்டி ஒட்டிப் பிறபொருளெதிரி செய்யப் பழகும் காலத்தில் நடக்கிறது. வெட்டுகிற கத்தி தவறிய இடத்தில் விழுகிறது. தொற்றுநோய்களுக்குப் பழகாமல் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைக்குப் பிந்தி வரும் ஒரு சாதாரணத் தொற்று இதைத் தூண்டலாம் என்பது பிரித்தானிய ஆய்வாளர் மெல் கிரீவ்ஸ் நெடுங்காலமாக முன்வைக்கும் கருத்து. முற்றாக நிறுவப்படவில்லை. ஆனால் கிடைக்கும் சான்றுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

மூத்தவளுக்குச் சோதனை தேவையில்லை. எந்தப் பிள்ளைக்கும் பதினைந்து வயதுக்குள் லியூக்கேமியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒன்று. உடன்பிறப்புக்கு அது இரண்டு முதல் நான்கு மடங்கு. அப்படிப் பெருக்கினாலும் ஐந்நூறில் ஒன்றைத் தாண்டாது. அடிக்கடி குருதி எடுத்துப் பார்ப்பதால் பிள்ளைக்கு ஊசிப் பயம் வருமே தவிர வேறு பயன் இல்லை.

இன்னொன்று: இந்த 12–21 இடமாற்றம் மருந்துக்கு மிக நன்றாகக் கேட்கும் வகைகளில் ஒன்று. ரிப்போட்டில் இதைக் கண்டால் வைத்தியர்கள் உள்ளுக்குள் ஆறுதல் அடைவார்கள்.

கேள்வி: அப்படியானால் பரம்பரையாக வருவதே இல்லையா? நாங்கள் சொந்த மச்சானும் மச்சாளும் கட்டினவர்கள். – நெடுங்கேணி வாசகர்

பதில்: வருவதும் உண்டு. லியூக்கேமியா வந்த பிள்ளைகளில் நூற்றில் ஐந்து பேர் அளவில் பிறப்போடு வந்த ஒரு விகாரம் பின்னணியில் இருக்கிறது. சொந்தத்துக்குள் கட்டுவதால் கூடுவது அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. ஃபன்கோனி குருதிச்சோகை, அற்றாக்சியா ரெலாஞ்சியெக்டேசியா, புளூம் கூட்டறிகுறி போன்றவற்றில் தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதான பிரதியை வைத்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிடும். ஒரே பாட்டனின் வழிவந்த இருவரிடம் ஒரே பழுது இருப்பதற்கான சாத்தியம் கூட. ஃபன்கோனி உள்ள பிள்ளையில் வழக்கமாக வேறு அடையாளங்களும் இருக்கும்: பெருவிரல் சிறிதாக அல்லது இல்லாமல், வயதுக்கேற்ற உயரம் இல்லாமல், தோலில் கோப்பி நிறத் திட்டுகளோடு. மூன்று குருதிக் கலங்களும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வரும். இவற்றில் ஒன்றுமில்லை, வந்தது சாதாரண லியூக்கேமியா என்றால், மச்சானைக் கட்டியதில் பழியைப் போடாதீர்கள்.

பரம்பரைச் சோதனை பற்றி வைத்தியரிடம் நீங்களாகவே கேட்க வேண்டிய நிலைமைகள் சில உண்டு. உடன்பிறந்த இருவருக்குக் குருதிப் புற்றுநோய் வந்திருந்தால் கேளுங்கள். தாய் வழியிலோ தந்தை வழியிலோ நாற்பத்தைந்து வயதுக்குள் மார்பு, மூளை, என்பு, தசைப் புற்றுநோய்கள் ஒன்றுக்கு மேல் இருந்தாலும் கேளுங்கள். பிள்ளையின் தோலில் ஐந்து மில்லிமீற்றருக்குப் பெரிய கோப்பி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தாலும் அப்படியே. இன்னொன்று ரிப்போட்டிலேயே தெரியும்: புற்றுக் கலத்தில் நிறமூர்த்தங்கள் முப்பத்திரண்டு முதல் முப்பத்தொன்பது வரை. இந்த வகை வந்த பிள்ளைகளில் பாதிக்குக் கிட்டியோர் ரி.பி.53 என்ற காவல் அலகைப் பிறப்பிலேயே பழுதாகக் கொண்டவர்கள். அங்கே பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டியே இருக்கும். என்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு அண்ணனையோ அக்காவையோ கொடையாளியாக எடுக்குமுன் இதைப் பார்க்காவிட்டால், பழுதான மச்சையையே திரும்ப ஏற்றிவிடும் ஆபத்து உண்டு.

கேள்வி: 2009 இல் எனக்குப் பதினொரு வயது. மாதக்கணக்கில் பங்கருக்குள் இருந்தோம். கஞ்சிதான் சாப்பாடு, அதுவும் இல்லாத நாட்கள் உண்டு. இப்போது என் மூன்று வயது மகளுக்கு இந்த வருத்தம். பட்டினியும் பயமும் உடம்பில் பதிந்து பிள்ளைக்குப் போகும், அதற்கு எபிஜெனெற்றிக்ஸ் என்று பெயர் என்று தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். என்னால்தானா? – புதுக்குடியிருப்பு

பதில்: உங்களால் இல்லை. காணொளி சொன்னதில் பாதி உண்மை, பாதி இழுத்து நீட்டியது. பிரித்துச் சொல்கிறோம்.

குளத்தில் தண்ணீர் ஒன்றுதான். துருசைத் திறந்தால் வாய்க்காலில் ஓடும். எந்த வயலுக்குப் பாயும் என்பது வாய்க்கால் வாயில் மண்ணை வெட்டி அடைத்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உடம்பிலும் அப்படியே. ஈரல் கலத்துக்கும் குருதிக் கலத்துக்கும் பரம்பரை அலகுகள் ஒன்றுதான். ஈரலில் திறந்திருப்பது குருதியில் அடைத்திருக்கும். அடைக்கும் மண் மெதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம். அது டி.என்.ஏ. இழையில் ஒட்டிக்கொண்டால் அந்த அலகு வாசிக்கப்படாது. இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்ரோன் புரதங்களில் ஒட்டும் வேறு அடையாளங்களும் உண்டு. அவற்றில் சில திறக்கும், சில அடைக்கும். எழுத்தை மாற்றாமல் வாசிப்பை மாற்றும் இந்த ஏற்பாட்டைத்தான் எபிஜெனெற்றிக்ஸ் என்கிறார்கள்.

லியூக்கேமியாவில் இது நிச்சயமாகக் குழம்புகிறது. மிகத் தெளிவான உதாரணம் ஒரு வயதுக்குள் வரும் லியூக்கேமியா. அந்தக் குழந்தைகளில் நாலில் மூன்று பேர் அளவில் கே.எம்.ரி.2ஏ என்ற அலகு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருக்கும். இந்த அலகின் வேலையே ஹிஸ்ரோனில் "திற" என்ற அடையாளத்தை வைப்பது, வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிடும் வட்டவிதானை மாதிரி. உடைந்து ஒட்டிய பின், அடைக்க வேண்டிய வயலுக்கெல்லாம் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. கருக் காலத்தோடு மூடியிருக்க வேண்டிய ஹொக்ஸ் அலகுகள் ஓயாமல் ஓடுகின்றன. கலம் முதிராமல் பெருகிக்கொண்டே போகிறது. அந்த வட்டவிதானை மெனின் என்ற புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். அந்தக் கையை விடுவிக்கும் ரெவுமெனிப் என்ற மருந்துக்கு, நோய் திரும்பியோர், வேறு மருந்துக்குக் கேட்காதோர் ஆகியோருக்காக, 2024 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்து. அடைத்த மண்ணை அகற்றும் அசாசிற்றிடின் மருந்துக்கும், சிறு பிள்ளைகளுக்கு வரும் ஜே.எம்.எம்.எல். என்ற அரிய வகைக்காக, 2022 இல் அனுமதி கிடைத்தது. எபிஜெனெற்றிக்ஸ் வெறும் காணொளிக் கதையல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆனால் இவையெல்லாம் மகளின் குருதிக் கலத்துக்குள் நடப்பவை. பட்டினி தாயிடமிருந்து இறங்கியதா என்பது வேறு கேள்வி. காணொளியில் வந்திருக்கக் கூடியது 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் நடந்த பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு அலகில் மெதைல் குறைந்திருந்தது. கவனியுங்கள்: அவர்கள் கருவில் இருந்தவர்கள், பட்டினி அவர்களையே நேரடியாகத் தொட்டது. நீங்கள் 2009 இல் பதினொரு வயதுச் சிறுமி. உங்கள் மகள் கருவாவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. கருக்கட்டிய சில நாட்களுக்குள் தாய், தந்தையிடமிருந்து வந்த மெதைல் அடையாளங்களில் பெரும்பகுதி துடைக்கப்பட்டு, புதிதாகப் போடப்படுகிறது. முத்திரை குத்திய சில அலகுகள் மட்டுமே தப்புகின்றன. போகம் முடிந்து வயலை உழுது, வரம்பெல்லாம் புதிதாகக் கட்டுவது போல. தாய் சிறுவயதில் பட்ட பட்டினியால் பிள்ளைக்கு லியூக்கேமியா வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. போருக்குள் அகப்படாத ஊர்களிலும் நாடுகளிலும் இதே வயதில், இதே வகையில் இந்த நோய் வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த நாட்களின் பாரம் உங்களுக்கு இருப்பது உண்மை. கிளினிக்கில் மனநல வைத்தியரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டரை வருட வைத்தியம் தாயின் உடம்பிலும்தான் நடக்கிறது.

கேள்வி: தங்கையின் மகனுக்கு என்பு மச்சை எடுத்து நிறமூர்த்தச் சோதனைக்கு அனுப்பினார்கள். "வளர்ப்பு தோல்வி, மெற்றாபேஸ் இல்லை" என்று வந்திருக்கிறது. நோய் முற்றிவிட்டதா? மறுபடி ஊசி போட வேண்டுமா? – ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: நோயின் நிலையோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஆய்வுகூடத்தில் கலம் வளரவில்லை என்பதுதான் செய்தி. நிறமூர்த்தங்களை எண்ண வேண்டுமென்றால் கலம் உயிரோடு இருந்து பிரிய வேண்டும். பிரிகிற கணத்தில்தான் அவை தனித்தனியாகத் தெரியும். அந்தக் கணத்துக்குத்தான் மெற்றாபேஸ் என்று பெயர். லியூக்கேமியாக் கலங்கள் உடம்புக்குள் எப்படிப் பெருகினாலும் போத்தலுக்குள் பிடிவாதக்காரர்கள்.

தோல்விக்கு வழக்கமான காரணங்கள்: மாதிரி பிழையான குழாயில் போனது (நிறமூர்த்தத்துக்கு ஹெபரின் உள்ள பச்சை மூடி, ஊதா மூடியில் உள்ள ஈ.டி.ரி.ஏ. கலத்தை வாட்டிவிடும்), குழாயை மெல்லப் புரட்டாததால் உறைந்தது, ஒரு நாளுக்கு மேல் வழியில் கிடந்தது, ஐஸ் கட்டியோடு நேரே முட்டி உறைந்துபோனது, எடுக்குமுன் ஸ்ரீரொயிட் தொடங்கியது, முதல் உறிஞ்சலை மற்றச் சோதனைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் குருதி கலந்த மிச்சத்தை இதற்கு அனுப்பியது.

மருந்து தொடங்கிவிட்டதென்றால் மறுபடி எடுப்பதில் பயன் குறைவு. தேடப்படும் கலங்களே ஒழிந்துகொண்டிருக்கும். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "வளர்ப்புக்குப் போட்ட கலங்களின் மிச்சம் இருக்கிறதா? அதில் ஃபிஷ் செய்யலாமா? ஊதா மூடிக் குழாயின் மிச்சத்தில் பி.சி.ஆர். செய்யலாமா?" ஃபிஷ் சோதனைக்குக் கலம் பிரிய வேண்டியதில்லை. ஆனால் அது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். எந்த இடமாற்றத்துக்கு நிறச் சாயம் போட்டீர்களோ அதுதான் தெரியும். ஆகையால் குறைந்தது 12–21, 9–22, கே.எம்.ரி.2ஏ மூன்றும் பார்க்கப்பட்டனவா என்று கேட்பது நியாயம். 9–22 தான் பிலடெல்பியா நிறமூர்த்தம். 1960 இல் அந்த நகரத்தில் கண்டது, அதனால் அந்தப் பெயர். பிள்ளைகளில் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்குத்தான் இருக்கும். இருந்தால் இமாற்றினிப் வகை மாத்திரை சேர வேண்டும் என்பதால் தவறவிடக் கூடாது.

வளர்ப்பு வெற்றிபெற்று "சாதாரணம்" என்று வந்தாலும் ஏமாற வேண்டாம். 12–21 இல் மாறிய துண்டுகள் இரண்டும் நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரியாகத் தெரிவதால் சாதாரண நிறமூர்த்தச் சோதனையில் அது அகப்படாது. ஃபிஷ் அல்லது பி.சி.ஆர். தான் வேண்டும்.

எதுவுமே தெரியாமல் போனாலும் வைத்தியம் குருடாகிவிடாது. முதல் மாத மருந்து முடிகையில், 29 ஆம் நாள் அளவில், மச்சையில் மிச்சப் புற்றுக் கலம் எத்தனை என்று பார்ப்பார்கள். பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே என்றால் மிக நல்லது. பிள்ளை எப்படித் தேறுவான் என்பதை வேறெதையும் விட அது நன்றாகச் சொல்கிறது.

கேள்வி: எங்களுக்குப் பிறந்த மகனுக்கு டவுண் நிலை. பிறந்த கிழமையே வெள்ளைக் கலம் கூட என்றார்கள், பிறகு தானாகக் குறைந்துவிட்டது. இனிப் பயமில்லைதானே? – வவுனியா

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் கிளினிக்கை விட வேண்டாம். 21 ஆம் நிறமூர்த்தம் மூன்றாக உள்ள குழந்தைகளில் பத்தில் ஒருவர் அளவில் இந்தத் தற்காலிக நிலை வருகிறது. ஜி.ஏ.ரி.ஏ.1 என்ற அலகில் கருவிலேயே விழுந்த விகாரம் காரணம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் மருந்தில்லாமல் அடங்கிவிடும். ஆனால் அடங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில் நான்கு வயதுக்குள் உண்மையான லியூக்கேமியா வருகிறது. இரண்டு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு நான்கு வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் குருதிக் கலங்களை எண்ணிப் பார்ப்பது பிரித்தானிய வழக்கம். உங்கள் வைத்தியர் சொல்லும் இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்லெட் மெல்லமெல்லக் கீழே வருவதுதான் முதல் அடையாளம். ஒரு எண்ணை மட்டும் பார்க்காமல் முந்தியவற்றோடு ஒப்பிட, ரிப்போட்டுகளை ஒரே கொப்பியில் ஒட்டி வையுங்கள். வந்தாலும், இந்தப் பிள்ளைகளில் இந்த வகை குறைந்த அளவு மருந்துக்கே நன்றாகக் கேட்கும். அளவைக் கூட்டினால்தான் வாய்ப்புண்ணும் தொற்றும் உயிரை வாங்கும்.

கேள்வி: வயலுக்கு மருந்தடிக்கிற கைகள் இவை. அதால்தான் மகனுக்கு வந்ததா? – கமக்காரர், வவுனிக்குளம்

பதில்: ஒரு தனிப் பிள்ளையின் நோயை ஒரு கான் மருந்தில் கொண்டுபோய்க் கட்ட எவராலும் முடியாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்குள் அடிக்கும் பூச்சிமருந்துக்கும், தாய் கர்ப்பமாக இருக்கும்போது பீடைகொல்லிகளோடு புழங்குவதற்கும் லியூக்கேமியாவோடு ஓரளவு தொடர்பு தெரிகிறது. தந்தையின் தொழிலுக்குள்ள தொடர்பு அதைவிட மங்கல். நடந்ததை மாற்ற முடியாது. வீட்டில் மற்றப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். மருந்தடித்த சேட்டையும் சாரத்தையும் கிணற்றடியிலேயே கழற்றி, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள், கர்ப்பிணி தோய்க்க வேண்டாம். தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம். மருந்துக் கானைக் கழுவித் தண்ணீருக்கோ மண்ணெண்ணெய்க்கோ வைத்திருப்பது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதை ஓட்டை போட்டு ஒழியுங்கள். கலக்கும்போதுதான் செறிவு கூட, அடிக்கும்போது அல்ல. ஆகவே கையுறையைக் கலக்கத் தொடங்குமுன் போடுங்கள்.

கேள்வி: மகள் பராமரிப்பு மருந்துக் கட்டத்தில் இருக்கிறாள். மேர்கப்ரோபியூரின் அரைக் குளிசைக்கே வெள்ளைக் கலம் விழுந்துவிடுகிறது. வாட்டில் அதே வயதுப் பிள்ளை ஒருத்தி முழுக் குளிசை குடித்தும் ஒன்றுமில்லை. அளவு காணாமல் நோய் திரும்புமா? குருதிக்கு நல்லதென்று ஃபோலிக் அசிட் கொடுக்கலாமா? – அடம்பன்

பதில்: இது உண்மையிலேயே பரம்பரைச் சங்கதி, ஆனால் நோயின் பரம்பரை அல்ல, மருந்தைக் கையாளும் பரம்பரை. மேர்கப்ரோபியூரினைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளில் இரண்டு முக்கியம். ஐரோப்பியரில் பழுதாவது பெரும்பாலும் ரி.பி.எம்.ரி. நம்மைப் போன்ற ஆசியரில் என்.யூ.டி.ரி.15. 2014 இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. தெற்காசியரில் பத்துப் பேரில் ஒருவர் அளவிலாவது பழுதான ஒரு பிரதியோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டிவரும். இரண்டு பிரதியும் பழுதென்றால் வழக்கமான அளவில் மிகச் சிறு பங்கே போதும். இவர்களில் மருந்து உடையாமல் கலத்துக்குள் தேங்குவதால் அரைக் குளிசை முழுக் குளிசையின் வேலையைச் செய்கிறது. அளவு சரியா என்பதைக் குளிசை சொல்லாது, வெள்ளைக் கலங்களில் ஒரு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை சொல்லும். 750 இலிருந்து 1500 வரை வைத்திருப்பது பல சிகிச்சை முறைகளின் இலக்கு. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அளவைப் பார்த்து நீங்களாகக் கூட்டினால் ஒரு கிழமைக்குள் மச்சை படுத்துவிடும். என்.யூ.டி.ரி.15 சோதனை செய்யலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

குளிசையைத் தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. கலம் எதிர்பாராமல் ஏறி நிற்கும்போது வைத்தியர் "விடாமல் குடிக்கிறாளா" என்று கேட்பது இதனால்தான். கோபிக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

மெதொட்ரெக்சேற் கிழமைக்கு ஒரே ஒரு நாள். புதன் என்றால் புதன். கலண்டரில் அந்த நாளை வட்டமிட்டு, கொடுத்ததும் வெட்டிவிடுங்கள். பாட்டி ஒருநாள், அம்மா ஒருநாள் என்று மாறிமாறிக் கொடுத்து அது தினக் குளிசையாகிப்போனால் உயிராபத்து.

ஃபோலிக் அசிட் கொடுக்க வேண்டாம். மெதொட்ரெக்சேற் வேலை செய்வதே ஃபோலேற்றை மறிப்பதால்தான். நீங்கள் ஒரு பக்கம் அணையைக் கட்டி, மறுபக்கம் உடைத்துவிடுவீர்கள். கடையில் வாங்கும் பல்விற்றமின் பாணிகளிலும் அது இருக்கிறது. போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கொடுங்கள். கீரையும் பருப்பும் வழமைபோல் சாப்பிடலாம்.

காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் மஹரகமவுக்குப் பஸ் ஏற வேண்டாம். கிட்ட உள்ள மாவட்ட வைத்தியசாலைக்குக் கிளினிக் கொப்பியோடு உடனே போய், முதல் வசனமாக "லியூக்கேமியாவுக்கு மருந்து எடுக்கும் பிள்ளை" என்று சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஏற வேண்டும். இராப்பயணத்துக்கு அந்த நேரம் கிடையாது.

கேள்வி: முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எதைக் கண்டால் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்? – மாங்குளம்

பதில்: வெளிறிப்போய் விளையாட்டை விட்டு ஒதுங்குகிற பிள்ளை. அடிபடாத இடத்தில், வயிறு, முதுகு, காது மடலில், கண்டல். முரசில் குருதி. இரண்டு கிழமைக்கு மேல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல். கழுத்தில் நோகாத நெறி. இரவில் எழுப்பும் கால் நோவு, நடந்த பிள்ளை நொண்டுவது அல்லது தூக்கச் சொல்லி அழுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் அடிக்கடி தவறவிடுகிறோம். வாதம் என்றோ சுளுக்கு என்றோ எண்ணெய் பூசி மாதம் போகும். எஃப்.பி.சி.யும் (குருதிக் கல எண்ணிக்கை) பிளட் பிக்சரும் (நுணுக்குக்காட்டியில் கலங்களைப் பார்ப்பது) பார்க்காமல் மூட்டு நோவுக்கு ஸ்ரீரொயிட் கொடுத்தால் பத்து நாளில் பிள்ளை ஓடி விளையாடும். நோய் பாதி மறைந்து, பிறகு வரும் சோதனை குழம்பும். டெங்குக் காலத்தில் இன்னொரு பொறி: பிளேட்லெட் இரண்டிலும் குறையும். டெங்கில் ஒரு கிழமை, பத்து நாளில் ஏறிவிடும். ஏறாவிட்டால், அல்லது ஹீமோகுளோபினும் சேர்ந்து குறைந்துகொண்டு போனால், டெங்கு என்று இருந்துவிடக் கூடாது.

சுருக்கமாகச் சில

*இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு வந்தால்?* (துணுக்காய்) – ஒரே உருவ இரட்டையர் என்றால் மற்றவரையும் காட்டுங்கள். ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்தவர்களில் ஒருவரின் பிழையான கலம் மற்றவருக்குள் குருதியோடு போய்விடும். ஒரு வயதுக்குள் வந்ததென்றால் மற்றவருக்கும் ஏறத்தாழ நிச்சயம். அதற்குப் பின் வந்ததென்றால் நூற்றில் பத்து, பதினைந்து. இதுவும் பரம்பரை அல்ல, கருப்பைக்குள் நடந்த தொற்றிப்போதல்.

*அடுத்த பிள்ளைக்கு முன்பே செய்யக் கூடியது?* (முள்ளியவளை) – மருத்துவமாது தரும் ஃபோலிக் அசிட்டைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுங்கள். அது முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதற்கு. லியூக்கேமியாவையும் சிறிது குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆறு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்த பிள்ளைகளில் லியூக்கேமியா ஐந்தில் ஒரு பங்கு அளவில் குறைவாகக் காணப்பட்டது.

*பப்பாசி இலைச் சாறு?* (செட்டிகுளம்) – வேண்டாம். பிளேட்லெட் குறைவது மச்சை நிறைந்துபோனதால். சாறு மச்சையை வெறுமையாக்காது. மேர்கப்ரோபியூரினும் மெதொட்ரெக்சேற்றும் ஏற்கனவே ஈரலைச் சோதித்துக்கொண்டிருக்கின்றன. அதன்மேல் அளவு தெரியாத எதையும் ஏற்றாதீர்கள்.

*மகனுக்கு ஜீ-6-பி.டி. குறைபாடு என்று முந்தி ஒருமுறை சொன்னார்கள். லியூக்கேமியா வைத்தியத்துக்குச் சொல்ல வேண்டுமா?* (விசுவமடு) – முதல் நாளே சொல்லுங்கள். இது சிவப்புக் கலங்களைக் காக்கும் ஒரு நொதியின் குறைபாடு. மலேரியா நெடுங்காலம் ஆண்ட நிலங்களில் கூடுதலாக இருக்கும். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றாலும் பரம்பரை அலகு அந்தக் காலத்தை மறக்கவில்லை. தாயிடமிருந்து ஆண் பிள்ளைக்கு வருவது. முதல் நாட்களில் யூரிக் அமிலத்தைக் குறைக்கக் கொடுக்கும் ரஸ்பூரிகேஸ் இவர்களில் சிவப்புக் கலங்களை உடைத்துவிடும். நியூமோனியா வராமல் காக்கச் சிலருக்குக் கொடுக்கும் டப்சோனும் அப்படியே. வேறு மருந்துகள் இருக்கின்றன, தெரிந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். முன்பு சோதித்த துண்டு கையில் இல்லாவிட்டால், குருதி ஏற்றுமுன் சோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றிய பின் எடுத்தால் கொடையாளியின் நொதியைத்தான் அளப்பார்கள், "சாதாரணம்" என்று வந்துவிடும். அப்படி நடந்திருந்தால் கடைசியாக ஏற்றி மூன்று மாதம் கழிந்த பிறகுதான் மறுபடி சோதிப்பதில் பொருள் உண்டு. அதுவரை குறைபாடு இருப்பதாகவே வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கும்படி கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.